டாக்டர் ராட்கேயின் இரும்புப் பெட்டி

போர் முடிந்ததும் ரஷ்யர்கள் ஓர் ஏரித் தீவில் கொண்டுவந்து குடிவைத்த ஜெர்மன் ராக்கெட் நிபுணர்களில், தன்னைத் தவிர வேறு யாரையும் டாக்டர் ராட்கே நிபுணராகவே மதித்ததில்லை.

ஒருநாள் மனைவியிடம் கிசுகிசுத்தார். "எர்னா, வீடு கூட்ட வர்ற கிளாவ்தியா மேல ஒரு கண்ணு வை. குப்பைக் காகிதத்தை அடுப்புல போடாம, மடிச்சு எடுத்துட்டுப் போறா. உளவு!"

"அய்யோ, இப்ப என்னங்க பண்றது?"

"ராக்கெட்டோட நிஜ வரைபடம் இரும்புப் பெட்டியில பத்திரமா இருக்கு. நம்மள ஊருக்கு அனுப்பினாத்தான் கொடுப்பேன். குப்பைக் கூடையில வேணும்னே தப்புத் தப்பா வரைஞ்சு போடறேன். அவங்க ராக்கெட் தரையிலயே வெடிக்கட்டும். அப்புறம் என் கால்ல வந்து விழுவாங்க, பாரு!"

ஆறு மாதம் கழித்து ரஷ்யக் கர்னல் வந்தார்.

"டாக்டர், இனிமே நீங்க தேவையில்லை. வெள்ளிக்கிழமை ரயில்ல ஊருக்குக் கிளம்பலாம். எங்க ராக்கெட் ஜம்முனு பறந்துடுச்சு."

ராட்கே இடைமறித்தார். "எந்த வரைபடத்தை வெச்சு?"

"குப்பைக் கூடையில கிடைச்சதுதான். இரும்புப் பெட்டியில இருந்ததைத்தான் முதல்ல உங்களுக்குத் தெரியாம நகலெடுத்துக் கட்டினோம். தரையிலயே வெடிச்சுடுச்சு."

கர்னல் போனதும் எர்னா மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"ஏங்க, இரும்புப் பெட்டி ரொம்பக் கனம், இங்கயே கிடக்கட்டும். அந்தக் குப்பைக் கூடையை மட்டும் மறக்காம எடுத்துக்குங்க."