எதிர்க்கட்சி வெளிச்சம்

நகராட்சிக் கூட்ட அரங்கைப் புதுப்பித்தபோது, சத்தத்தை மின்சாரமாக்கும் சுவர்களைப் பதித்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் மாசிலாமணி வாயைத் திறந்தால் போதும், லிஃப்ட்கூட ஓடும்.

இன்று அவர் வெளிநடப்பு செய்ததும் கட்டிடமே இருண்டது. ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒரு விளக்கு மினுங்கியது. நகராட்சித் தலைவி செண்பகவல்லியின் கணவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

தலைவி வாசலுக்கு ஓடினார். "அண்ணே, உள்ள வந்து ரெண்டு திட்டு திட்டிட்டுப் போங்கண்ணே!"

"எங்க வார்டு சாக்கடைய எப்பக் கட்டப் போறீங்க?"

தலைவி அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உள்ளே வந்த மாசிலாமணி தொண்டையைச் செருமினார், கோபம் வரவில்லை. "நல்லா இரும்மா" என்றுதான் வாயில் வந்தது.

தலைவி அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தார்.

தெருவிளக்குவரை எரிந்தது.