கொக்கியில் இல்லாத சட்டை

ட்ரூடி நர்ஸ்களின் ஓய்வறைக் கதவைச் சாத்திவிட்டு லொரெய்னின் கைப்பையைத் திறந்தாள். உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. பிடித்து இழுத்தாள்.

கடலுக்குக் குளிக்கப் போகும்போது எடுத்துப்போகிற துண்டு.

"துண்டு வேணும்னா கேட்டிருந்தா குடுத்திருப்பேனே." பின்னால் லொரெய்ன் காபியோடு நின்றாள்.

"என் சட்டை எங்க, லொரெய்ன்?"

"எது, அந்த டிராஃபிக் போலீஸ் சட்டையா?"

மருந்து கொடுக்கும் நேரத்தில் நர்ஸ் போட்டுக்கொள்ள ட்ரூடி தானே தைத்த சிவப்புச் சட்டை அது. முன்னும் பின்னும் வெள்ளை எழுத்தில் 'தொந்தரவு செய்யாதீர்கள்'. மூன்று வாரம் நோட்டும் கையுமாக நர்ஸ்கள் பின்னால் அலைந்து எண்ணியிருந்தாள்: ஒரு தடவை மருந்து கொடுத்து முடிப்பதற்குள் பத்தொன்பது பேர் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் அப்படி யாரோ கூப்பிட்டதில்தான் ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் வாய்க்குள் போனது. கொடுத்த கை ட்ரூடியுடையது. ஆள் பிழைத்துக்கொண்டார். ட்ரூடிக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பதினொரு மணிக்குத் தலைமை நர்ஸ் பெவர்லி வருவார். பிடித்தால் எல்லா வார்டுக்கும் சட்டை; இல்லையென்றால் இன்றோடு சரி. இருந்தது ஒரே சட்டை. எட்டு மணிக்கு மருந்து வண்டியின் கொக்கியில் தொங்கியது இப்போது இல்லை.

வார்டே அதைப் பார்த்துச் சிரித்தது. அதிகம் சிரித்தவள் லொரெய்ன். பாராட்டிய ஒரே ஆள் நாலாம் படுக்கை மெர்வ், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். "அதைப் போட்டா டாக்டர்கூட கிட்ட வரமாட்டேங்கிறானே! எங்கம்மா வாங்குன?"

"காலையில வண்டியைத் தள்ளிட்டுப் போனது நீதான்," என்றாள் ட்ரூடி.

"போனேன். திரும்பக் கொண்டாந்தும் விட்டேன். சிரிச்சவ எல்லாம் திருடியா?"

"அது ஜெயிச்சிடுமோன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்டி. அடுத்தவ பையை நோண்ட மாட்டேன்."

டீ வண்டிக்கார ஜாய்ஸ் உள்ளே வந்து, தளும்பத் தளும்ப இருந்த ஒரு கோப்பையைத் தொட்டியில் கொட்டினாள். "நாலாம் நம்பருக்கு டீ போகல. தொந்தரவு பண்ணக்கூடாதாம்."

ட்ரூடியின் பார்வை லொரெய்னின் இடுப்பில் தொங்கிய அலமாரிச் சாவியைவிட்டு நகரவில்லை.

அதற்குள் பெவர்லியே வந்துவிட்டார். "எங்கம்மா உன் சட்டை?"

"காணோம். யாரோ வேணும்னே..." ட்ரூடி லொரெய்னை முறைத்தாள்.

"சரி, விடு. எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்தான். துணியில எழுதினதைப் பார்த்து எவனாவது வாயை மூடிட்டுப் போவானா?"

நர்ஸ்கள் மூவரும் வார்டுக்குள் நடந்தார்கள். நாலாம் படுக்கையைச் சுற்றித் திரை மூடியிருந்தது. ரத்தம் எடுக்க வந்த இளம் டாக்டர் திரைக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் திரும்பிப் போனார். தரை துடைக்க வந்த பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவினாள்.

பெவர்லி திரையை விலக்கினார்.

பைஜாமாவுக்கு மேல் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மெர்வ் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ட்ரூடியால் லொரெய்னின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெவர்லி அவர் தோளைத் தட்டினார். மெர்வ் ஒரு கண்ணை மட்டும் திறந்து, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"படிக்கத் தெரியாதா?"