பெருச்சாளி கொடுத்த ரோமானியக் காசு

ஒரு மேட்டுக்குள் பெருச்சாளி ஒன்று நான்கு குட்டிகளோடு வளையில் இருந்தது. வளையை ஒட்டி, ரோமானியப் பொற்காசுகள் நிறைந்த உடைந்த பானை ஒன்று புதைந்து கிடந்தது. அதைத் தேடித்தான் தொல்லியல் ஆய்வாளர்கள் மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு காசைக் கொடுத்துடு அக்கா. எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க," என்றது பக்கத்துப் பொந்துத் தேரை.

பெருச்சாளியும் ஒரு காசைக் கவ்வி வந்து வளை வாசலில் போட்டது.

ஆய்வாளர்களுக்குத் தலைவியான அம்மா அதைத் துடைத்துப் பார்த்தார். "ரோமானிய ராஜா முகம்! புதையல் இங்கேதான் இருக்கணும். தோண்டுங்க!"

மண்வெட்டி வளைக்கு மேலேயே விழுந்தது. குட்டிகள் மேல் மண் சரிந்தது. பெருச்சாளி இன்னொரு காசைக் கவ்விக்கொண்டு பின்வழியாக ஓடி, ஓடைக்கரையில் ஆட்கள் கண்ணில் படும்படி போட்டது.

"அம்மா, இங்கேயும் ஒண்ணு!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் அங்கே ஓடினார்கள்.

பெருச்சாளி குட்டிகளை ஒவ்வொன்றாகப் புதருக்குத் தூக்கிப் போகத் தொடங்கியது. ஓடைக்கரையில் ஆட்கள் முழங்கால் ஆழம் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மா வெயிலில் குனிந்து மண்ணைச் சலித்துக்கொண்டே இருந்தார்.

"பாவம் அக்கா. பானை இருக்கிற இடத்தைக் காட்டிடலாமா?" என்றது தேரை.

பெருச்சாளியின் வாயில் கடைசிக் குட்டி இருந்தது. பெருச்சாளி நிற்கவே இல்லை; புதரை நோக்கி ஓடியது.