ரோஜாவுக்குக் கீழே

"உன் தம்பிகிட்ட சொல்லிடு. நாளைக்கும் ரோஜாப்பூ வந்துதுன்னா, குடும்பக் குரூப்பை விட்டே நான் போயிடுவேன்."

பல்லுகூட விளக்கல. அதுக்குள்ள என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிக் கட்டில்மேல போட்டார்.

தினமும் காலையில தம்பிகிட்ட இருந்து ஒரு ரோஜாப் படம் வரும். மேல 'இனிய காலை வணக்கம்'னு எழுதியிருக்கும். எனக்கும் சலிப்புதான். ஆனா கூடப்பிறந்தவனாச்சே, வாயைத் திறக்க முடியுமா? பூவைப் பார்த்ததும் விரலால ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

தம்பி கடை கடையா ஏறி இறங்கி சோப்பு வித்தவன். இவர் ரேடியோவுல கதை சொன்னவர். ரெண்டு பேருமே இப்ப வேலையில இருந்து ஓய்வு பெற்றாச்சு. மச்சான்னு பேருதான், இவர் அவனை 'சோப்பு'ன்னுதான் கூப்பிடுவார்.

ரேடியோ பேச்சை எடுத்தா இவரை நிறுத்த முடியாது.

"கதையை முன்னாடியே பதிவு பண்ணிடுவோம். சாயந்தரம் அது போற நேரத்துக்குக் கடைத்தெருவுல நடப்பேன். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கடை விடாம என் குரல்தான். தானா வச்சாங்க. எவன் போய்க் கெஞ்சினான்?"

பொய் இல்லை. புதுசா கல்யாணமான நேரம், நானும் கூட நடந்திருக்கேன். துணிக்கடையில ராஜா சாவார். பாத்திரக்கடைக்குப் போறப்ப ராணி அழுதுகிட்டிருப்பா. கடைக்காரங்க தராசை அப்படியே விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. இவர் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. எனக்குப் பெருமை தாங்காது, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்குவேன்.

போன வருஷம் எங்க மக, இவர் கதை சொல்ல நெட்டுல ஒரு சேனல் தொடங்கிக் குடுத்தா. துணி பீரோ இருக்கற அறையில ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, வேர்வை சொட்டச் சொட்டக் கதை சொல்லுவார். கேட்டவங்க மொத்தம் பதினோரு பேர்னு காட்டும். அதுல பாதி நான்தான், அடுப்படியில ஒரு தடவை, மாடியில ஒரு தடவைன்னு.

அப்ப தம்பி வந்திருந்தான்.

"அத்தான், கதை சொன்னா மட்டும் போதுமா? நாலு பேர் காதுல போய் விழ வேணாமா? எல்லாருக்கும் நான் அனுப்பட்டுமா?"

"கூவி விக்க இது என்ன சோப்பா? நல்ல கதைன்னா அதுவாப் போய்ச் சேரும். உன் வேலையைப் பாரு."

தம்பி முகம் சுண்டிப் போச்சு. டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்து போனான். அதுக்கப்புறம் கதையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வெறும் ரோஜாதான்.

கொஞ்ச நாள்லயே இவர் கதையை நூத்துக்கணக்குல கேக்க ஆரம்பிச்சாங்க. இவரைக் கையில பிடிக்க முடியல.

"பாத்தியா? எவன் கூவினான்? அதுவாப் போகுது."

குரூப்பை விட்டுப் போவேன்னு இவர் மிரட்டினதுக்கு மறுநாள் ரோஜா வரல. பயந்துட்டான்னு நினைச்சுக்கிட்டார். விஷயம் வேற. தம்பிக்கு அன்னிக்குக் கண்ணுல ஆபரேஷன். ரெண்டு வாரம் போனைப் பாக்கவே கூடாதாம்.

"நல்ல டாக்டர்"னார் இவர்.

ஆனா அந்த வாரமே கதை கேக்கற கூட்டம் குறைஞ்சுது. அடுத்த வாரம் பழையபடி பதினொண்ணு, பன்னெண்டுன்னு வந்து நின்னுது. ஒரு மத்தியானம் இவர் ஜன்னல்ல கட்டியிருந்த போர்வையை அவிழ்த்து மடிச்சுக்கிட்டிருந்தார்.

"ஏங்க?"

"குரல் போயிடுச்சு போலிருக்கு. மறைக்காம சொல்லு, எனக்கு வயசாயிடுச்சா? இனிமே கதை கிதை எதுவும் வேணாம்."

அந்தக் குரலைக் கேட்டுத்தானே நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தேன்.

"சரி, கிளம்புங்க. தம்பியைப் பாத்துட்டு வரலாம்."

தம்பி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நாற்காலியில சாஞ்சிருந்தான். இவர் கதையை நிறுத்திட்டாருன்னு நான் சொன்னதும் நிமிர்ந்து உக்காந்தான்.

"அதெல்லாம் கூடாது அத்தான். ரெண்டே நாள் பொறுங்க. கட்டுப்பாடு முடிஞ்சதும்..." என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்டான்.

"நீ என்னடா பண்ணப் போறே? ரோஜா அனுப்பப் போறியா?"

அவன் சிரிச்சு மழுப்பினான். அந்த நேரம் பாத்து மேஜைமேல அவன் போன் சத்தம் குடுத்துது.

"யாரோ பேசி அனுப்பியிருக்காங்க போல. கொஞ்சம் அழுத்துங்க அத்தான், என்னன்னு கேப்போம்."

இவர் அழுத்தினார். வயசான ஆம்பளைக் குரல்.

"சோப்புத் தம்பி, கடைத்தெரு பாத்திரக்கடைக்காரன் பேசறேன். என்னப்பா, ரோஜாவைக் காணோம்? ரோஜா போனாப் போகுது, அதுக்குக் கீழே உங்க அத்தான் கதைக்கு ஒரு லிங்க் வருமே, அது எங்கே?"

தம்பி பதறிக் கையை நீட்டினான். இவர் போனைக் குடுக்கல. குரல் தொடர்ந்து பேசிக்கிட்டிருந்தது.

"அப்பல்லாம் கதை நேரத்துக்கு ரேடியோவைச் சத்தமா வச்சா, நாங்க வாங்கற சோப்புப் பெட்டிக்கு ஒரு சோப்பு இனாம்னு கடை கடையாக் குடுத்தீங்க. இப்ப எனக்கு சோப்பெல்லாம் வேணாம் தம்பி. கதையை மட்டும் அனுப்புங்க."