வசிய ரொட்டி

"வசியந்தான் வச்சிருக்கா அக்கா. வேணும்னா பாருங்க."

தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தை வைத்த கையோடு தீர்ப்பே சொல்லிவிட்டாள், தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் சசி.

சுப்பம்மா தன் குடத்தை இறக்கி வைத்தாள். "என்னடி சொல்ற?"

"பின்ன? ஒங்க மகன் கல்யாணமாகி ஒரு கோப்பையாவது கழுவியிருக்காரா? இப்ப விடிஞ்சதும் விடியாததுமா குந்திக்கிட்டு அம்மி கழுவுறாரு! கொடகவெல டவுன்ல த்ரீவீல் ஓட்டுற மனுசன், பொண்டாட்டிக்கு அம்மி கழுவுறாருன்னா..."

மிச்சத்தைக் கையாலேயே சுழற்றிக் காட்டினாள் சசி.

யோசிக்க யோசிக்கச் சுப்பம்மாவுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. கொஞ்ச நாளாகவே மருமகள் ஜீவராணியின் போக்குச் சரியில்லை. வெள்ளை மாவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று கறுகறுவென்று குரக்கன் மாவுக்கு, அதுதான் கேழ்வரகு மாவுக்கு, மாறினாள். காலையானால், "அத்தை, கோயில் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்று மாமியாரை வெளியே அனுப்புவதிலேயே குறி. அடுப்படிக்குள் யாராவது நுழைந்தால் எதையோ துணி போட்டு மூடுகிறாள்.

அந்த ரொட்டியைத்தானே மகனும் தின்கிறான்!

மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. சுப்பம்மாவுக்கே உடம்பு தேறித்தான் இருந்தது. போன கிளினிக்கில், "ஹரி ஷோக் அம்மே! ரொம்ப நல்லா இருக்கு. கீரை சாப்பிடச் சொன்னதக் கேட்டீங்கதானே?" என்று நர்ஸ் மிஸ்ஸியே மெச்சினாள்.

"கீரையா? நானா? எல்லாம் கருவாட்டுச் சத்து!" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சுப்பம்மா வாய்க்குள் இலை போகாது. முருங்கையோ வல்லாரையோ, தட்டைத் தள்ளிவிடுவாள். "ஆயுசு பூரா கொழுந்து பறிச்ச கைடி இது. கைக்கும் இலை, வாய்க்கும் இலையா?" என்பாள். லயமே சிரிக்கும்.

மறுநாள் காலை.

"கோயிலுக்குப் போயிட்டு வாறேன்!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், லயத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து விறகு அடுக்குக்குப் பின்னால் குந்தினாள். கையில் விளக்குமாறு. இன்றைக்கு மகனை மீட்காமல் விடுவதில்லை.

கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது. ஜீவராணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அம்மியிலிருந்து பச்சையாக ஒரு விழுதை வழித்தாள். ஓர் உருண்டை மாவை மட்டும் தனியே எடுத்து, அதற்குள் வைத்துப் பிசைந்தாள்.

'அடி பாவி!' சுப்பம்மா எழுந்தேவிட்டாள்.

அப்போது உள்ளே மகன் குமாரவேலின் குரல் கேட்டது.

"நல்லா அரைச்சியா? நேத்து ஒரு காம்பு அம்மா பல்லுல மாட்டிக்கிட்டு, என்னடா இதுன்னு கேட்டாங்க. தேங்கா நாருன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"அதெல்லாம் அரைச்சாச்சு. நீங்க மொதல்ல அம்மியக் கழுவுங்க. முருங்கெல வாசம் அத்தை மூக்குல பட்டுச்சு, அவ்வளவுதான்!"

விளக்குமாறு பாதி வழியில் நின்றது.

"எத்தன நாளைக்குங்க இப்படி ஒளிச்சு ஒளிச்சு? ஒடம்புல ரத்தம் இல்லன்னு பக்குவமா எடுத்துச் சொல்லிப் பாக்கலாம்ல?"

"கைக்கும் இலையா வாய்க்கும் இலையான்னு அம்மா சும்மா சிரிக்கிறதுக்குச் சொல்றது, ராணி. எழுபதுகள்ல தோட்டத்துல வந்த பஞ்சத்துல அவங்க சின்னப் புள்ள. மாவு இல்ல, அரிசி இல்ல. கெடைச்ச இலைய அவிச்சு அவிச்சுத் தின்னுருக்காங்க. கூட ஒக்காந்து தின்ன தங்கச்சி பொழைக்கல. அதுலருந்துதான் இப்படி. நான் எந்த வாயால கீரை தின்னுங்கன்னு சொல்ல?"

மகனிடம் சுப்பம்மா அதைச் சொன்னதே இல்லை. செத்துப்போன புருசன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே குமாரவேல் அம்மியில் தண்ணீர் ஊற்றினான்.

சுப்பம்மா விளக்குமாறைச் சத்தமில்லாமல் விறகின் மேல் வைத்தாள். வந்த வழியே லயத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு தொண்டை கிழிய ஒரு இருமல் இருமி, "நான் வந்துட்டேன்!" என்றாள்.

உள்ளே சட்டி பானை உருண்டது. ஆற அமரச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைந்தாள்.

தட்டில் சுடச்சுடக் குரக்கன் ரொட்டி. பக்கத்தில் மிளகாய் இடித்த கட்டச்சம்பல். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். இன்றைக்கு முருங்கை வாசம் தெரிந்தது. தொண்டையில் ஒரு நிமிசம் நின்றது. மென்று விழுங்கினாள்.

புருசனும் பொண்டாட்டியும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி அத்தை இருக்கு?"

"பரவாயில்ல. இன்னைக்குத் தேங்கா நாரு இல்ல. இன்னொன்னு போடு."

பீலியடியில் சசி காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. நீ சொன்னது நெசந்தான். வசியம் வச்சிருக்கா."

"நான்தான் சொன்னேன்ல! பாவம் ஒங்க மகன்..."

"அவனுக்கு இல்லடி. எனக்கு."

சசி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! இப்ப என்னக்கா செய்யப் போறீங்க?"

சுப்பம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"என்ன செய்யிறது? நாளைக்கும் கோயிலுக்குப் போவணும். கொஞ்சம் லேட்டாத்தான் வரணும்."