தாரிகா மறிக்கிறாள்

"ஓம், நான்தான் மறிக்கிறன். அவர் கடலுக்கு வரமாட்டார். போய் ஊருக்கெல்லாம் சொல்லுங்கோ!"

தாரிகாவின் குரல் படலையைத் தாண்டி ரோட்டுவரை போனது. போகட்டும் என்றுதான் அவளும் கத்தினாள்.

வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நமசிவாயம் சம்மாட்டியார், அவள் புருஷன் செந்தூரன் தொழிலுக்குப் போகும் படகின் சொந்தக்காரர். மற்றவள் செந்தூரனின் தாய் சிவக்கொழுந்து. மகன் பெண்சாதி வீட்டில் குடியிருப்பதால், மருமகளோடு சண்டை பிடிப்பதென்றாலும் அவள் பஸ் ஏறித்தான் வரவேண்டும். அப்படி வந்தவள் இலேசில் திரும்பிப் போவாளா?

"பிள்ளை பிறந்த துடக்கெண்டு முப்பத்தொரு நாள் பொறுத்தனான்." சம்மாட்டியார் நிதானமாகத்தான் சொன்னார். "துடக்குக் கழிஞ்சும் ரெண்டு கிழமையாச்சு. வாற திங்கள் அவன் வராட்டில் அவன்ரை இடத்துக்கு வேறை ஆளைப் போடவேண்டி வரும். பேந்து என்னைக் குறை சொல்லக் கூடாது."

"போடுங்கோ."

"பாத்தீங்களே இவளின்ரை வாயை!" சிவக்கொழுந்து தலையில் கைவைத்தாள். "தேப்பனைக் கடல் கொண்டு போனதெண்டு என்ரை பிள்ளையைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு வைச்சிருக்கிறாள்."

தாரிகாவின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அது ஊர் முழுக்கத் தெரியும். அதனால் செந்தூரன் ஏன் தொழிலுக்கு வருவதில்லை என்று யாரும் யோசித்துக் களைக்கவில்லை. பெண்சாதிக்குப் பயம், மறிக்கிறாள். அவ்வளவுதான்.

"செந்தூரன்! ஒருக்கா வெளியிலை வாடா!" சம்மாட்டியார் அறைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

தாரிகா போய் அறைக்கதவுக்குக் குறுக்கே நின்றாள். "அவரைக் கூப்பிடாதேங்கோ. பிள்ளையோடை படுத்திருக்கிறார். எதெண்டாலும் என்னோடை கதையுங்கோ."

அந்த நேரம் பார்த்துக் குடும்பநல மாது ஜொய்சி வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஒன்றரை மாதப் பிள்ளையைப் பார்க்க வரும் நாள் அது. அவள் வந்து கதிரையில் இருப்பதற்குள்ளேயே தாரிகா கையை நீட்டினாள்.

"மிஸ், போனமுறை பத்துக் கேள்வி உள்ள தாள் ஒண்டு இருக்கெண்டு சொன்னியள். கொண்டு வந்தனீங்களே?"

"ஓம் தங்கச்சி. பிள்ளை பிறந்த பிறகு மனம் எப்பிடி இருக்கெண்டு பாக்கிறதுக்கு. உண்மையைச் சொல்லவேணும். நான் வாசிக்கிறன்..."

"தாங்கோ, நானே போடுறன்."

தாளை மடியில் வைத்து மளமளவென்று சரி போட்டாள். நித்திரை வருவதில்லை, சரி. காரணமில்லாமல் நெஞ்சு பதறுகிறது, சரி. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயத்துக்குப் பேனையை அழுத்தியே போட்டாள். பத்தாவது கேள்வியில் மட்டும் பேனை நின்றது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று கேட்டிருந்தது.

"பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பி அறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. 'எப்போதாவது' என்ற சொல்லுக்கு நேரே சரி போட்டுத் தாளை நீட்டினாள்.

ஜொய்சி வாசித்தாள். அவள் முகம் மாறியது. "நாளைக்குக் காலமை ஆசுபத்திரிக்குப் போவம். மனநல டொக்டர் இருக்கிறா. நானும் கூட வாறன்."

"விசர் டொக்டரிட்டையோ!" சிவக்கொழுந்து கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "நானும் நாலு பெத்தனான். எனக்கு உந்த வருத்தம் ஒண்டும் வரேல்லை. நெல்லியடிச் சாத்திரியார் தோசத்துக்கு ஒரு கழிப்புக் கழிச்சால் எல்லாம் சரியாகுமெண்டவர். விசர்க் குடும்பமெண்டு பேர் எடுத்தால் நாளைக்கு உந்தப் பெட்டையை ஆர் கட்டுவினம்?"

ஒன்றரை மாதப் பிள்ளையின் கலியாணம்வரை மாமி போய்விட்டாள்.

"ஒருத்தரும் கட்டாட்டில் என்னோடை இருக்கட்டும்!" தாரிகா விடவில்லை. "பிரஷருக்கு நீங்கள் குளிசை போடேல்லையே மாமி? சம்மாட்டியார் முதுகுநோவுக்கு மருந்து எடுக்கேல்லையே? மனம் பதறினால் மட்டும் மூடி வைக்கவேணுமோ? ஊர் என்னவும் சொல்லட்டும். கரையிலை நிண்டு ஒராளைத் தேடி அழுதது எனக்குக் காணும். இன்னொருக்கா அழமாட்டன்."



"இது விசர் இல்லை அம்மா," என்றாள் ஜொய்சி. "பிள்ளை பிறந்த வீடுகளிலை கனபேருக்கு வாறது. கதைச்சு, தேவையெண்டால் மருந்தும் எடுத்தால் மாறும். மறைச்சால்தான் கூடும்." பிறகு தாளைத் தாரிகாவிடமே திருப்பிக் கொடுத்தாள். "மேலை பேர் எழுதேல்லை, தங்கச்சி."

தாரிகா பேனையை எடுத்தாள். மாமியைப் பார்த்தாள், சம்மாட்டியாரைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் வாய்க்கு வாய் கொடுத்தவளுக்கு இப்போது கை ஓடவில்லை. சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

அறைக்கதவு திறந்தது. செந்தூரன் வந்தான். மகளை நெஞ்சோடு அணைத்திருந்தான். மூச்சு வருகிறதா என்று பார்க்க, அவள் மூக்கின் கீழ் ஒரு விரலை வைத்தபடியே இருந்தான்.

"அவள் மறிக்கேல்லை அம்மா. என்னாலைதான் பிள்ளையை விட்டிட்டு ஒரு அடி எடுத்து வைக்கேலாமல் கிடக்கு." சொல்லும்போது சம்மாட்டியாரின் முகத்தை நேரே பார்த்தான். "பத்தாவது கேள்வியை அவள் உள்ளை வந்து என்னட்டைத்தான் கேட்டவள். என்ரை பேரை எழுது, தாரிகா."