உள்பக்கத் தாழ்ப்பாள்

"ரூமுக்கு உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு என்ன பண்றார்னு நீங்களே கேளுங்க மேடம். நான் கேட்டா ஊமைக் கோட்டான் மாதிரி முழிக்கிறார்!"

டீச்சர் கணவரைக் கைகாட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர், குடிமறுவாழ்வு மையத்தின் ஆலோசகர். டீச்சரின் கணவர் அங்கே தங்கித்தான் குடியை விட்டிருந்தார். "அவர் மறுபடி ஆரம்பிச்சுட்டார், உடனே வாங்க" என்று காலையில் டீச்சர் போனில் அழுததும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஆலோசகர் கிளம்பி வந்துவிட்டார்.

கணவர் சுவரோரம் நின்றிருந்தார். வெல்டிங் பட்டறையில் வேலை. கண் இரண்டும் கோவைப்பழம். அவர் காலைக் கட்டிக்கொண்டு, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

"பதறாம, முதல்லேருந்து சொல்லுங்க டீச்சர்."

"போன மாசம் ஆரம்பிச்சுது மேடம். காலையில எழுந்து வந்தா அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு. மேல வெறும் பாத்திரம், அடி செக்கச் செவேல்னு. இன்னொரு நாள் வாசக் கதவு 'ஆ'ன்னு திறந்து கிடக்கு. இவரைக் கேட்டா, 'நான் பாத்துக்கறேன், நீ பயப்படாதே'ங்கறார். பண்றதையும் பண்ணிட்டு எனக்கு ஆறுதல் வேற!"

"அப்புறம்?"

அடுத்ததைச் சொல்லவே டீச்சருக்கு நாக்கு எழவில்லை.

போன சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள். மகளை எழுப்பப் போர்வையை விலக்கினாள். உள்ளே குழந்தை சீருடையில் படுத்திருந்தது. காலில் சாக்ஸ், ஷூ. தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த ஈரத்தலையை இரட்டைப் பின்னலாக, புருவம் மேலே ஏறும் அளவுக்கு இழுத்து இறுக்கிப் பின்னியிருந்தது. குழந்தை தூங்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"யாரும்மா இப்படிப் பண்ணினது?" என்று எத்தனை முறை கேட்டும் அது வாயைத் திறக்கவில்லை. பல் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"அன்னிக்கே பட்டறையிலேருந்து ஒரு தாழ்ப்பாளைக் கொண்டு வந்து குழந்தை ரூமுக்கு உள்பக்கமா அடிச்சுட்டார். அப்பாவும் பொண்ணும் உள்ள, நான் வெளிய. விடிஞ்சு கதவைத் திறந்தா கண்ணு இப்படிச் சிவந்து கிடக்கு. தூங்கின கண்ணா மேடம் இது?"

கணவர் நிமிர்ந்தார். தீப்பொறி பட்டுத் தடித்துப்போன விரல்களை விரித்துக் காட்டினார். "இந்தக் கையால பின்னல் போட முடியுமா மேடம்?"

"போதையில எது முடியும், எது முடியாதுன்னு யாருக்குத் தெரியும்? நட்ட நடு ரோட்டுல நின்னு லாரிக்கு வழி காட்டினவர்தானே நீங்க?"

அவர் விரித்த விரல்களை மடக்கிக்கொண்டார்.

ஆலோசகர் பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். "ஊதுங்க அண்ணே."

ஊதினார். ஆலோசகர் கருவியை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒரு துளிகூட இல்ல. மையத்துல மாசா மாசம் ரத்தமும் எடுக்கறோம். அதுவும் சுத்தம். இவர் குடிக்கல டீச்சர்."

டீச்சருக்கு நிம்மதி வரவில்லை. கண் தானாக அந்த அறைக் கதவுக்குப் போனது. கதவின் வெளிப்பக்கம், கைப்பிடிக்குக் கீழே, பெயின்ட் உரிந்து நீள நீளமாகக் கீறல்கள். நேற்று வரை அவை இல்லை. உள்ளே தாழிட்டுக்கொண்டு இருந்தவர் வெளியே எப்படிக் கீறியிருப்பார்?

'இவர் குடித்திருந்தால்கூடத் தேவலையே' என்று கல்யாணமான நாளாய் முதன்முறையாக அவள் மனசு நினைத்தது.

"அப்போ... வேற யாரு மேடம்?"

"உங்களுக்குச் சத்தம் எதுவும் கேக்கலையா?"

"எனக்கா? இவர் குடிச்சப்போ போன தூக்கம், இப்போ மாத்திரை போட்டாத்தான் வருது. தலையைச் சாய்ச்சா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது."

ஆலோசகர் அவளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும், இல்லையா அண்ணே?"

"தெரியும் மேடம்." அவர் மகளின் தலையைத் தடவினார். "நான் சொன்னா எடுபடுமா? 'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு'ன்னுடுவா. அதோட... எல்லாத்துக்கும் மூல காரணமே நான்தானே. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"நீ சொல்லு கண்ணு," என்றார் ஆலோசகர் குழந்தையிடம். "யாரு வர்றது?"

குழந்தை அப்பாவை அண்ணாந்து பார்த்தது.

டீச்சர் மண்டியிட்டுக் கையிரண்டையும் விரித்தாள். "பயப்படாதே என் செல்லம். இன்னிலேருந்து ராத்திரி அம்மா உன்கூடவே படுத்துக்கறேன். எது வந்தாலும் என்னைத் தாண்டித்தானே உங்கிட்ட வரணும்?"

குழந்தை வீலென்று அலறிக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஓடியது.

"வேணாம்! நீ வேணாம்மா! தூக்க மாத்திரை போட்டுக்கிட்டா நீ தூங்கிக்கிட்டே எழுந்து வர்றே. கண்ணு மட்டும் திறந்திருக்கு... அழுதுகிட்டுக் கூப்பிட்டாலும், நான் யாருன்னே உனக்குத் தெரியலம்மா!"